கிட்டில் வந்த பாக்ஸ்காரை நிஜப் பெட்டியாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டது இது: மாதிரி ரயிலின் எச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், 40 அடி எஃகு பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் பென்சில்வேனியா ரயில்ரோடு என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கம்பெனியின் பேர்பெற்ற எக்ஸ்29 வகுப்புப் பெட்டியாக அதை மாற்ற எதை வெட்ட வேண்டும், எதை ஒட்ட வேண்டும் என்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு கிட்டை நிஜப் பெட்டியை நோக்கி எவ்வளவு தூரம் இழுக்கலாம், எந்த இடத்தில் விட்டுவிட்டு வேறு கிட் வாங்குவது மேல்? முதல் கேள்விக்கு ஒரே வரிதான்: இந்தக் கிட்டை எக்ஸ்29 ஆக்காதீர்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஏன் முடியாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எக்ஸ்29 பெட்டிகள் 1924 முதல் 1930களின் முற்பகுதி வரை 28 ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்டவை. அவற்றின் உள்ளுயரம் ஏறக்குறைய 8 அடி 7 அங்குலம். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது 1940களின் தொடக்கத்தில் பரவலான 10 அடி 6 அங்குல உள்ளுயரப் பெட்டியின் வார்ப்பு. வித்தியாசம் 23 அங்குலம். எச்.ஓ.வில் அது 6.7 மி.மீ. பக்கச் சுவரின் உயரமே 40 மி.மீ.க்குள் இருக்கும் ஒரு மாதிரியில் ஆறேழு மி.மீ. என்பது ஆறில் ஒரு பங்கு. வெட்டி எடுத்தாலும் ரிவெட் வரிசைகள் பொருந்தாது, கதவு பொருந்தாது. தொடக்கத்தில் வந்த எக்ஸ்29களின் முன்பின் சுவர்கள் தட்டையான தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தவை. உங்களிடம் இருப்பதோ அழுத்தி வார்த்த மேடு பள்ளச் சுவர். எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்போது பழைய கிட்டில் மிஞ்சுவது தரைப்பலகையும் திருகும்தான்.

பிறகு ஏன் பென்சில்வேனியா என்று அச்சடித்தார்கள்? ஒரு பாக்ஸ்காருக்கு எஃகு அச்சு வெட்டுவது பெரும் செலவு. வெட்டிய அச்சில் வார்த்த ஒரே உடலுக்குப் பத்து, இருபது ரயில் கம்பெனிகளின் நிறமும் எழுத்தும் போட்டு விற்றால்தான் காசு திரும்பும். அதில் நாலைந்து கம்பெனிகளுக்கு உடல் சரியாக இருக்கும், இன்னும் சிலவற்றுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், மீதிக்குச் சம்பந்தமே இருக்காது. விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். நிஜத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறவர் மட்டும் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் பெயரை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் வார்ப்பு எந்தப் பெட்டி என்று கேட்க வேண்டும்.

இந்த வேலையில் பலரும் செய்வது, கையிலிருக்கும் கிட்டை வைத்துக்கொண்டு ‘இதை என்னவாக மாற்றலாம்’ என்று யோசிப்பது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஓர் ஆண்டு. அப்புறம் ஒரு கம்பெனி. அப்புறம் ஒரே ஒரு பெட்டி எண். ‘பென்சில்வேனியா பாக்ஸ்கார்’ என்பதற்கு மாதிரி செய்ய முடியாது. இன்ன எண்ணுள்ள பெட்டி, 1948இல் எப்படி இருந்தது என்பதற்குத்தான் செய்ய முடியும். எண் தெரிந்தால் அது எந்தத் தொடரில் வருகிறது என்று பார்க்கலாம். அதற்கு இருக்கும் நல்ல கருவி ‘அஃபீஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்’. வட அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தன் சரக்குப் பெட்டிகளை எண் தொடர் வாரியாகப் பட்டியலிடும் பருவ இதழ் அது. உள்நீளம், உள்ளுயரம், கதவின் அகலம், சுமைத்திறன், அந்தத் தொடரில் எத்தனை பெட்டிகள் ஓட்டத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் வரும். பழைய இதழ்களின் மறுபதிப்புகள் கிடைக்கின்றன. அதில் 10 அடி 6 அங்குலம் என்று ஒரு தொடரைக் கண்டால், உங்கள் உடல் அதற்கு ஒரு வேட்பாளர் என்று அர்த்தம். முன்பின் சுவர் எந்த வகை, கூரை எந்த வகை என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதற்குப் புகைப்படம்தான்.

ஆயத்தச் சட்டை வாங்கும்போது பொத்தானை மாற்றிக்கொள்ளலாம், கை நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தோள் சரியில்லை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பாக்ஸ்காரின் தோள் மூன்று: உயரம், பக்கச் சுவரின் பேனல் (சுவரில் அடுத்தடுத்துச் சேர்த்த தகடு) அமைப்பு, அது ரிவெட்டா வெல்டா என்பது. 1930களிலும் 40களிலும் வந்த எஃகுப் பெட்டிகளில் கதவுக்கு இரு புறமும் ஐந்தைந்தாக 10 பேனல்கள் என்பது சாதாரணம். கிரேட் நார்தர்ன் போன்ற கம்பெனிகள் 12 பேனல் வைத்தன. அந்தக் கோடுகளின் இடம் மாறினால் ரிவெட் வரிசை மொத்தத்தையும் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். நீரில் நனைத்து ஒட்டும் டிக்கால் காகிதத்தில் ரெசின் ரிவெட்டுகள் வரிசையாக விற்கிறார்கள், முடியாதது இல்லை. ஆனால் பக்கச் சுவர் முழுக்க அதை வைக்கிற பொறுமை இருப்பவருக்கு வெறும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் புதுச் சுவரே செய்துகொள்ளும் திறமையும் இருக்கும். சுவரின் கீழ்விளிம்பு இந்தக் கணக்கில் வராது. நேராக ஓடுகிறதா, அடிச்சட்டம் முட்டும் இடங்களில் சின்னத் தகடுகள் தொங்குகின்றனவா என்று படத்தில் பார்த்து, அரத்தால் தேய்த்தோ 0.25 மி.மீ. ஸ்டைரீன் பட்டை ஒட்டியோ ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

முன்பின் சுவர்தான் எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு பெட்டியின் வயதும் குலமும் அங்கேதான் எழுதியிருக்கும். ட்ரெட்நாட் எனப்படும் சுவரில் குறுக்கே ஓடும் மேடுகளை மேல்பாதியில் எத்தனை, கீழ்ப்பாதியில் எத்தனை என்று எண்ணிச் சொல்வது வழக்கம். 10 அடி உள்ளுயரத்துக்கு 4/5, 10 அடி 6 அங்குலத்துக்கு 5/5 என்பது பொதுவாகக் காணும் அமைப்பு. மூலைகள் சதுரமா உருண்டையா என்பது அடுத்த கேள்வி. 1940களின் நடுவில் ‘இம்ப்ரூவ்டு ட்ரெட்நாட்’ வந்தது; மேடுகள் தடித்தன, எண்ணிக்கை குறைந்தது, உச்சியில் ஒரு சின்னச் செவ்வக மேடு சேர்ந்துகொண்டது. 1947இல் புல்மன்-ஸ்டாண்டர்ட் கம்பெனி பி.எஸ்-1 பெட்டியைக் கொண்டுவந்தபோது சுவரும் கூரையும் தன் சொந்த வடிவில் வைத்தது. எல்லா நீளங்களும் சேர்த்து பி.எஸ்-1 ஒரு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டதால் 1950களைச் செய்கிறவர் அதைத் தவிர்க்கவே முடியாது. ஆனால் பி.எஸ்-1 வெல்டு செய்த பெட்டி. உங்கள் ரிவெட் உடலில் அதன் சுவரைக் கொண்டுபோய் ஒட்டினால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒன்றுதான் வரும். கனடாவின் பெட்டிகளில் இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை உண்டு. உடலெல்லாம் அமெரிக்க வடிவத்தைப் போலவே இருக்கும், ஆனால் பலவற்றில் நேஷனல் ஸ்டீல் கார் கம்பெனியின் சுவர்கள் மாட்டியிருக்கும். சுவரை மட்டும் மாற்றினால் பெட்டி எல்லை தாண்டிவிடும்.

இந்த மாற்றத்துக்குக் கை ரொம்பத் தேர்ந்திருக்க வேண்டியதில்லை. கிட்டின் சுவரை மூலைக்கு உள்ளே ஒரு மி.மீ. விட்டு மெல்லிய ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் கோடுவரை கொண்டுவந்து, உதிரியாக விற்கும் ஸ்டைரீன் சுவரை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் மூலைகளில் சதுரக் கட்டை ஒட்டினால் கோணம் நிற்கும். எம்.ஈ.கே. போன்ற நீர்த்த கரைப்பானைத் தூரிகையால் உள்ளிருந்து தொட்டாலே இடுக்கில் தானே ஓடிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ரெசின் உதிரியாக இருந்தால் கரைப்பான் பிடிக்காது, சூப்பர் க்ளூ வேண்டும்.

கூரை விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. மாதிரி ரயிலை நாம் மேலிருந்து பார்க்கிறோம். நிஜப் பெட்டிகளைப் படமெடுத்தவர்கள் தரையில் நின்று எடுத்தார்கள். ஆகவே மாதிரியில் கண்ணில் முதலில் படுவது எதுவோ, அதற்குத்தான் சான்று குறைவு. செவ்வகப் பேனல் கூரை, 1940களின் பிற்பாதியில் வந்த மூலைவிட்டப் பேனல் கூரை, நெளிவுள்ள வைக்கிங் கூரை என்று வகைகள் உண்டு. பக்கப் படத்தில் கூரை விளிம்பு மடிப்புகளின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் வைத்து வகையை ஓரளவு ஊகிக்கலாம். சரக்கு முற்றங்களில் மேம்பாலத்திலிருந்தோ சிக்னல் கோபுரத்திலிருந்தோ எடுத்த படங்கள் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் பெட்டி எண் அதில் இல்லாவிட்டாலும் அதே தொடரின் இன்னொரு பெட்டி இருக்கலாம்.

கூரை நடைபாதையை மட்டும் எப்படியும் மாற்றுங்கள். பழைய கிட்டுகளில் அது தடியாக இருக்கும், பெட்டியின் முழு உருவத்தையும் அது ஒன்றே கெடுக்கும். மரப்பலகை என்றால் மெல்லிய ஸ்டைரீன் பட்டைகள் மூன்று. 1940களின் நடுவிலிருந்து புதுப் பெட்டிகளில் வந்த எஃகுக் கம்பிவலை என்றால் வெளிச்சம் ஊடுருவும் பொறித்த உலோக உதிரி. 1966 முதல் புதிய பெட்டிகளில் நடைபாதையே தேவையில்லை என்றானது. அதனால் உங்கள் ஆண்டு 1970களில் இருந்தால், சில பெட்டிகளில் அது இருக்கும், சிலவற்றில் கழற்றியிருப்பார்கள். படம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நடைபாதையைப் போலத் தேதியோடு கட்டுண்ட பொருள்கள் இன்னும் சில. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டி பொய் சொல்லும். காற்று பிரேக்கில் பழையது கே வகை. 1933 செப்டம்பர் முதல் புதுப் பெட்டிகளுக்கு ஏ.பி. வகை கட்டாயமானது, மாற்றாத பழைய பெட்டிகள் 1953க்குப் பிறகு பிற கம்பெனிகளின் பாதையில் போக முடியவில்லை. ஏ.பி. என்றால் அடியில் மூன்று தனி உறுப்புகள் தெரியும்: கட்டுப்பாட்டு வால்வு, காற்றுத்தொட்டி, சிலிண்டர். கைபிரேக்கைப் பாருங்கள்: பழைய பெட்டிகளில் செங்குத்துத் தண்டின் உச்சியில் படுத்த சக்கரம், பிந்தையவற்றில் பல்சக்கரப் பெட்டியோடு சுவரில் நிமிர்ந்த சக்கரம். ட்ரக் எனப்படும் சக்கரச் சட்டங்களில் ஆர்ச்-பார் வகை 1940 வாக்கில் விலக்கப்பட்டது. உருளை பேரிங் பெட்டிகளுக்குப் பரவலாக வந்தது 1960களில். எழுத்துக்கும் தேதி உண்டு. பென்சில்வேனியாவின் வட்டத்துக்குள் கீஸ்டோன் (வளைவின் உச்சிக்கல் வடிவ) சின்னம் 1930 வாக்கில் வந்தது. நிழல் விழும் பெரிய கீஸ்டோன் 1954இல். ஆகவே நிழல் கீஸ்டோன் போட்ட எக்ஸ்29இன் அடியில் கே பிரேக் இருந்தால், இரண்டும் தனித்தனியே உண்மை, சேர்ந்து பொய். எழுத்துக் கூட்டத்தில் சின்னதாக இருக்கும் எடை பார்த்த தேதியையும் கவனியுங்கள். பெட்டிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி எடை போட்டு, தேதியையும் எடை போட்ட இடத்தின் குறியையும் எழுதுவார்கள். 1948இல் ஓடும் பெட்டியில் கட்டிய தேதி 1937 என்று மட்டும் இருந்து, மறு எடைத் தேதியும் அதுவே என்றால் பதினோரு வருடம் அதை யாரும் தொடவில்லை என்றாகிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் உயரம், பேனல், சுவர், பிரேக் எல்லாம் ஆவணத்தாலோ படத்தாலோ உறுதி செய்யக்கூடியவை. நிறம் அப்படியல்ல. பாக்ஸ்கார் சிவப்பு என்று ஒரு நிறம் கிடையாது; கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறியது, அதன் மேல் வெயிலும் நிலக்கரிப் புகையும் படிந்தன. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சிவப்பைக் கிட்டத்தட்ட கறுப்பாகவே காட்டும். வண்ணப்படங்களோ வருடங்கள் போகப் போகச் சாயம் திரிந்தவை. இன்ன டப்பாதான் சரியான நிறம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன், சும்மா கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கூரைக்கும் சுவருக்கும் ஒரே நிறமா என்பதில் மட்டும் படம் ஓரளவு உதவும். அதேபோல, கட்டிய கம்பெனி எடுத்த முதல்நாள் படம் முதல் நாளுக்கு மட்டுமே சாட்சி. பதினைந்து வருடம் கழித்துக் கதவு மாறியிருக்கலாம், நடைபாதை மாறியிருக்கலாம். உங்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று வருடத்துக்குள் எடுத்த ஓட்டப் படம் ஒன்று, பத்துத் தொழிற்சாலைப் படங்களுக்குச் சமம்.

இனி கைவேலை. உங்கள் கிட்டில் ஏணியும் கைப்பிடிகளும் சுவரோடு சேர்ந்து வார்த்திருக்கின்றன. உளி போன்ற நேர்முனைக் கத்தியைச் சுவரோடு படுக்க வைத்து, ஒரே சீவலில் எடுக்க ஆசைப்படாமல் மெல்ல மெல்லச் சீவுங்கள். பக்கத்து ரிவெட்டைக் காப்பாற்ற அதன் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்ளலாம். சீவிய இடத்தை நுண்தாளால் தேய்த்து, சாம்பல் ப்ரைமர் ஒரு பூச்சு அடித்தால் தழும்பெல்லாம் தெரியும். அதற்குப் பிறகே துளை போடுங்கள். 80-ஆம் எண் துளைமுனை 0.34 மி.மீ.; 0.3 மி.மீ. பித்தளை அல்லது பாஸ்பர் வெண்கலக் கம்பி அதில் உட்காரும். கணக்குப்படி அந்தக் கம்பி நிஜத்தில் ஓர் அங்குலத் தடிமன் ஆகிறது, நிஜக் கைப்பிடி அதைவிட மெல்லியது. பரவாயில்லை, பின்னால் நிழல் விழுகிற கம்பி, வார்த்த மேட்டைவிட எவ்வளவோ மேல். ஏணியை ஒட்டுமுன் படத்தில் படிகளை எண்ணுங்கள். ஏழா எட்டா என்பது தொடருக்குத் தொடர் மாறும், உதிரி இரண்டிலும் கிடைக்கிறது. சில கிட்டுகளின் ஏணியும் நடைபாதையும் அசிட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கும். அதில் கரைப்பான் வேலை செய்யாது, பெயின்டும் சரியாக நிற்காது. கழுவி ப்ரைமர் போட்டு, சூப்பர் க்ளூவால் ஒட்டுவதே வழி.

உயரத்தை வெட்டவே கூடாதா என்றால், சின்ன வித்தியாசத்துக்கு வெட்டலாம். 1932ஆம் ஆண்டு அமெரிக்கன் ரயில்வே அசோசியேஷன் தரவடிவத்தின் உள்ளுயரம் 9 அடி 4 அங்குலம். 1937 வடிவத்துக்கு 10 அடி. இடைவெளி 8 அங்குலம், எச்.ஓ.வில் 2.3 மி.மீ. ரிவெட் வரிசைகள் செங்குத்தாக ஓடுவதால் கீழிருந்து அவ்வளவை அறுத்து எடுத்தால் பக்கச் சுவர் கெடாது. பிறகு கதவைக் குட்டையாக்கி, கீழ் விளிம்பைப் புதிதாகக் கட்டி, முன்பின் சுவருக்கு 4/4 உதிரி போட்டு, ஏணியை மாற்ற வேண்டும். நல்ல தொடர்கள் கிட்டாக வராத காலத்தில் இப்படித்தான் பலர் செய்தார்கள். இன்று அந்த 1932 வடிவம் ஆயத்தமாகவே கிடைக்கிறது, ஆகவே கைப்பழக்கத்துக்காக மட்டுமே இதைச் சொல்வேன்.

எக்ஸ்29தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், எக்ஸ்29 என்றே வார்த்த கிட்டிலிருந்து தொடங்குங்கள். ட்ரெயின் மினியேச்சர் பழைய கிட் விலை குறைவு, எல்லாம் சுவரோடு வார்த்தது. மேலே சொன்ன சீவல் வேலைக்கு நல்ல களம். ரெட் கபூஸ் கிட்டில் உதிரிகள் தனித்தனி. ட்ரக் பென்சில்வேனியாவின் சொந்த 2டி-எஃப்8 வகையாக இருக்க வேண்டும். பெட்டியின் உடலில் ஒரு சுவையான மாற்றம் செய்யலாம்: எக்ஸ்29களின் பக்கத் தகடு கீழ்விளிம்பை ஒட்டித் துருப்பிடித்துத் தின்னும் நோய் கொண்டது, பல பெட்டிகளுக்குக் கீழே நீளமாகத் தகடு வைத்து ஒட்டுப்போட்டார்கள். 0.13 மி.மீ. ஸ்டைரீன் பட்டையும் ஒரு வரிசை ரிவெட்டும் போதும், 1950களின் எக்ஸ்29 கண்முன் வந்து நிற்கும்.

என் பழக்கம் 1930களிலிருந்து 50கள் வரையிலான எஃகுப் பெட்டிகளில்தான். மரப் பெட்டிகளுக்கும் 1970களுக்குப் பிந்தைய பெரிய பெட்டிகளுக்கும் அதில் ஊறியவர்களைக் கேளுங்கள். உங்கள் கையிலிருக்கும் உடலைத் தூக்கிப் போட வேண்டாம்: 5/5 சுவர், செவ்வகப் பேனல் கூரை, 6 அடிக் கதவு, ரிவெட் பக்கம் என்ற சேர்க்கை 1940களின் முதல் பாதியில் பல கம்பெனிகளிடம் இருந்தது. ரெஜிஸ்டரில் அந்த அளவுள்ள தொடர் ஒன்றைத் தேடி, படம் கிடைக்கும் எண்ணைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெட்டியை மூடுமுன் எடை போட மறக்காதீர்கள்; அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ.வில் ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். இந்த நீளத்துக்குச் சுமார் 113 கிராம் வரும். முன்சுவர் நேராகத் தெரிகிற மாதிரி ஒரு படமும், எந்த ஆண்டைச் செய்கிறீர்கள் என்பதையும் போடுங்கள். எந்தத் தொடருக்குக் கிட்டே வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.